சுவரெல்லாம் சொந்த ரசனை

கலிபோர்னியப் பாலைவனத்து பாம் ஸ்பிரிங்ஸில், 1946-இல் ரிச்சர்ட் நாய்ட்ரா வடிவமைத்த காஃப்மன் வீடு கண்ணாடியும் கல்லும் காற்றுமாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? திறந்த முற்றத்தை அடைத்தார்கள். ஒரு சுவரை இடித்து டிவி பார்க்க அறை செய்தார்கள். பூப்போட்ட காகிதம் சுவரில் ஏறியது. ஏசி எந்திரங்கள் கூரையில் ஏறின. (பாலைவனத்தில் வெயில் அடிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலும்.)

1990-களில் வாங்கிய தம்பதி அத்தனை ரசனையையும் அறை அறையாகப் பிய்த்தெறிந்தார்கள். பழைய கல்லுக்கு ஜோடி சேர, யூட்டா குவாரி ஒன்றில் நெடுநாள் மூடிக் கிடந்த பகுதியையே திறக்க வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் வந்த விருந்தாளி யாராவது, “வேலையை எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் வியப்பில்லை.