தரை டிக்கெட்

65 அங்குல டி.வி. வாங்கப் போகிறவர்கள் விலையை விசாரிப்பார்கள், தவணையை விசாரிப்பார்கள், ஸ்டெபிலைசர் இலவசமா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று மட்டும் கேட்பதில்லை. டி.வி.யின் இடத்தை பிளக் பாயின்ட் முடிவு செய்யும், சோபாவின் இடத்தை ஃபேன் முடிவு செய்யும். நடுவில் மிஞ்சுவதுதான் தூரம்.

எங்கள் வீட்டில் அப்படி விட மனம் வரவில்லை. டேப்பை எடுத்தேன். 65 என்பது மூலைக்கு மூலை அளவு. படத்தின் உயரம் சுமார் 81 சென்டிமீட்டர்தான். 4கே என்றால் அந்த உயரத்துக்குள் 2160 வரிசைப் புள்ளிகள். நல்ல கண், ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். ஆக, காசு கொடுத்து வாங்கிய புள்ளி அத்தனையும் கண்ணில் பட வேண்டுமானால் நாலேகால் அடியில் உட்கார வேண்டும். ஃபுல் எச்.டி. என்றால் எட்டரை அடி போதும். கேபிளில் வரும் எஸ்.டி. சேனலுக்கு 576 வரிகள்தான். பிசிறு தெரியாமலிருக்க 16 அடி தள்ளிப் போக வேண்டும்.

எங்கள் ஹால் 12 அடி.

அம்மா பார்ப்பது எஸ்.டி. சேனல் சீரியல். கணக்குப்படி அவருடைய நாற்காலி பக்கத்து ஃபிளாட்டில் கிடக்க வேண்டும். சொன்னேன். "அங்க போய் உக்காந்தா அவங்க போடற சீரியலத்தானேடா பாக்கணும்?" என்றார். கணிதத்தில் இதற்குப் பதில் இல்லை.

டூரிங் டாக்கீஸில் திரைக்கு முன்னால், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தது தரை டிக்கெட். காசு கூடக் கூட பெஞ்ச், நாற்காலி என்று பின்னால் போக முடிந்தது. 4கே வந்து அதைத் தலைகீழாக்கிவிட்டது. அதிகம் செலவழித்தவன் தரைக்கு வர வேண்டியிருக்கிறது. என் மகன் காசே கொடுக்காமல் அங்கேதான் இருக்கிறான்.

அவனை "தள்ளி உக்காரு, கண்ணு கெட்டுடும்" என்று விரட்டுவது வீட்டு வழக்கம். 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சில பெரிய கலர் டி.வி.க்களில் எக்ஸ்-கதிர் அளவுக்கு மேல் கசிந்தது உண்மைதான். அந்தக் காலத்துப் படக்குழாயே இப்போது கிடையாது. கிட்டே பார்த்தால் கண் களைக்கும், கெட்டுப்போகாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். "இத அவன் காதுல விழாம சொல்லுங்க" என்றாள் மனைவி.

உயரத்திலும் தகராறு. திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக இருந்தால் கழுத்துக்கு நல்லது. மாட்ட வந்த பையனிடம் அப்பா, "சாமி படத்துக்கு நேரா அடிப்பா" என்று சொல்லி முடித்துவிட்டார். கழுத்து வலி பக்தியில் சேர்ந்துவிட்டது.

மிச்சமிருந்தது எனக்கான இடம். திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைத்தால் சினிமாவுக்கு இதம் என்பார்கள். அதுவும் கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடியில் வந்து நிற்கிறது. ஃபுல் எச்.டி. கணக்கும் இந்தக் கணக்கும் ஒத்துப்போன அந்த இடம், சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போகும் வழி. நாற்காலியைப் போட்டேன். மனைவி ஈரத் துணி வாளியோடு வந்து நின்றாள்.

"தாராளமா உக்காருங்க. ஆனா இந்த வழியா போற துணியெல்லாம் இனிமே நீங்கதான் காயப்போடணும்."