எட்டுப் போடுவோர் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

பொருள்: ஓட்டுநர் தேர்வில் செல்போன் பாடத்தையும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மைதானத்தில் கால் தரையில் படாமல் எட்டுப் போட்டால் இருசக்கர வாகன உரிமம் கிடைத்துவிடுகிறது. சாலையில் யாரும் எட்டுப் போடுவதில்லை. அங்கே பதின்வயதுப் பிள்ளைகள் காட்டும் வித்தை வேறு: ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகி, சாய்த்த கழுத்தோடு லாரியை இடப்பக்கமாக முந்துவார்கள். சிக்னலில் தொடங்கிய ரீல்ஸைப் பச்சை விழுந்த பிறகும் விடாமல் பார்த்து முடிப்பார்கள். இவ்வளவு திறமைக்கும் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

எனவே, எட்டின் முதல் வளைவிலேயே ‘வந்துட்டே இருக்கேன் மச்சி’ என்று டைப் செய்யச் சொல்லலாம். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாம்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் முழு நீளத்தையும் பையன் கண்ணை மூடிக்கொண்டே கடந்துவிடுகிறான். போன் பேசியபடி ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ப்ளூடூத் மாட்டிக்கொள்வதால் பெரிய பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. காதில் வெள்ளைக் குமிழோடு திரியும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. காது காலியாக இல்லையே.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. 16 வயதில் ஓட்ட அனுமதி கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. அப்படியொரு பெட்ரோல் ஸ்கூட்டரை ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். டியூஷன் வாசலில் வரிசையாக நிற்பவை 110, 125. சாவி கொடுத்த அப்பாவோ, “நம்ம பையன் நல்லா ஓட்டுவான் சார்” என்கிறார்.

தண்டனை விஷயத்தில் புனே ஒரு வழி காட்டியது. 2024 மே மாதம் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்தார்கள். குடிபோதை என்று புகார், செல்போன் வழக்கல்ல. சிறார் நீதி வாரியம் ஜாமீன் நிபந்தனைகளுள் ஒன்றாக 300 சொற்களில் விபத்துக் கட்டுரை எழுதச் சொன்னது. நாடே கொதித்த பிறகுதான் உத்தரவு மாறியது. இங்கே அப்படிக் கட்டுரை கேட்டால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே வண்டியில் இருந்தபடி டைப் செய்து அனுப்பிவிடுவார்கள்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு மரணங்கள் ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் பதிவாகியுள்ளன. செல்போன் கட்டத்தில் சொற்பம். வேறெப்படி இருக்கும்? இறந்தவன் சொல்ல முடியாது, பிழைத்தவன் சொல்ல மாட்டான்.

அழைப்பது எப்போதும் நண்பன்தான் என்று எண்ண வேண்டாம். “எங்கப்பா இருக்க?” என்று கேட்கும் அம்மாவும் உண்டு. இரண்டு ரிங்கில் எடுக்காவிட்டால் அடுத்த அழைப்பு அப்பாவிடமிருந்து வரும்.

இப்படிக்கு,
சாவி கிடைத்து உரிமம் கிடைக்காத மாணவர்கள் சார்பில்.

குறிப்பு: விசாரணைக்கு மாணவரை மாலை 4.30 முதல் 5 மணிக்குள் அழைக்கவும். பள்ளி விட்டு வண்டியில் வரும் நேரம், கட்டாயம் எடுப்பார்.