முக்கால்வாசி வந்த கூப்பே

கே: அறுபதுகளில் ஐரோப்பாவில் நடுத்தர வர்க்கமே குட்டி ஸ்போர்ட்ஸ் கூப்பே ஓட்டியதாமே! நமக்கு மட்டும் ஏன் வரவில்லை?
– வாசகர், மாகறல்

ப: முக்கால்வாசி வந்ததே, ஐயா! 1959-ல் பிரிட்டனில் ட்ரையம்ப் ஹெரால்ட் அறிமுகமானபோது சலூனோடு கூப்பேயும் இருந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. சலூன் மட்டும் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்ட்' ஆகத் தயாரானது. அதே சேஸியைக் கத்தரித்துத்தான் பிரிட்டனில் 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, எலும்புக்கூடு நம்மிடமும் இருந்தது, சட்டைதான் வேறு.

நம்ம ஹெரால்டுக்கு இரண்டு கதவு, 948 சி.சி. எஞ்சின். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். உங்கள் ஊர் திருமாகறலீசர் கோயில் வாசலில் ரிவர்ஸ் கியரே தேவைப்படாது. வளைவில் வேகமாகப் போனால் பின்சக்கரம் மடங்கப் பார்க்கும். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் அனுபவத்தில் சேர்த்திதான்!

பிறகு நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டனிலேயே இல்லாதபடி ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தார்கள். பாட்டி, பாட்டியின் தம்பி, சீர்வரிசைத் தட்டு எல்லாம் ஏற வேண்டாமா? கூப்பேயில் பின்சீட் பேருக்குத்தான். திருமாகறலீசரை நீங்கள் இருவர் மட்டும் தரிசித்துவிட்டு வந்தால், அன்று ராத்திரி வீட்டில் யார் சோறு போடுவார்கள்?