ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வாழ்க

முதலில் உங்கள் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றுவதற்கென்று டிக்கியில் வைத்துக் கொடுக்கிறார்களே ஒரு ஜாக்கி, பிரேக் பேட் மாற்றுவதற்காக அதை மட்டும் நம்பி ஒரு டன் காரைத் தூக்கி நிறுத்திவிட்டீர்கள். பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல்கூடத் தேடவில்லை. ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டும் வைக்கவில்லை. பட்டறையில் இதே வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு அடியில் கையை நுழைக்கத் தயங்குவார். அனுபவம் அவரை அவ்வளவு கோழையாக்கி வைத்திருக்கிறது. நீங்களோ சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் தலையையே விட்டுப் பார்த்தீர்கள். உங்கள் மகன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். இளம் வயதிலேயே தைரியம் பழக்குகிறீர்கள்.

தன்னம்பிக்கையும் குறைவில்லை. 1888இல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, ஊருக்குள் ஒரு செருப்புத் தொழிலாளியைத் தேடிப் பிடித்துத் தோல் அடிக்கச் சொன்னார். தோல் வேலை தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை. பத்து நிமிடக் காணொளி போதுமானதாக இருந்தது. அதிலும் நடுவில் வந்த விளம்பரத்தைத் தள்ளிய வேகத்தில் காலிப்பர் பின் பற்றிய பகுதியும் சேர்ந்து நகர்ந்துவிட்டது.

உங்கள் சுத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பேட்டுகளைக் கழற்றியதும் திருப்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டியில் போட்டீர்கள். உள்பக்கத்துப் பேட் இரும்புத் தகடு தெரியத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்துப் பேட்டில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நழுவினால்தான் இரு பக்கப் பேட்டும் சமமாக டிஸ்க்கைப் பிடிக்கும். பின் காய்ந்து இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் மாரடிக்கும். அந்த இரண்டு துண்டுகளும் உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான். பின்னை உருவி, துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸைக் கொஞ்சம் தடவினால் தீர்ந்திருக்கும். நீங்கள் குப்பையைச் சேரவிடாதவர். புதுப் பேட்டும் அதே இறுகிய பின்னோடு குடித்தனம் நடத்தப் போயிற்று.

கழற்றிய காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்காமல் பிரேக் ஹோஸிலேயே தொங்கவிட்டீர்கள். ரப்பரின் மேல் அவ்வளவு மரியாதை. பிஸ்டனை உள்ளே தள்ளியபோது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் பொங்கி பெயிண்டில் வழிந்ததை, கை வேலையாக இருந்ததால், கவனிக்கவில்லை. அந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும்.

சிக்கனத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். இடது சக்கரத்துக்கு மட்டும் புதுப் பேட், வலதுக்கு அடுத்த மாதம். அவசரமாக மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதையும் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளிக்கிற புஜபலம் உங்களுக்கு உண்டு. பிரேக் ஆயிலை மாற்றாமல் வருடக்கணக்காக வைத்திருப்பதும் அதே சிக்கனம்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிவரும்போது அது கொதித்தால், பெடல் பஞ்சு போல அமுங்கும். குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகத் திட்டமிருப்பதாகச் சொன்னீர்கள்.

வீட்டில் பேட் மாற்றுவதே தப்பென்று நான் சொல்லமாட்டேன். பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது. கற்றுக்கொண்டு அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களை நினைத்து மனம் பதறுகிறது. ஒரு டன் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 2,47,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. பிரேக் போட்டு நிறுத்தினால் அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறுவது டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில். அந்த இடத்தில்தான் நீங்கள் கிரீஸ் படிந்த விரலை வைத்து, டிஸ்க் வழுவழுப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தீர்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது உங்கள் சுறுசுறுப்பு. கடைசி நட்டை முறுக்கிய கையோடு சாவியைப் போட்டு ரிவர்ஸ் எடுத்தீர்கள். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு, வண்டியை அசைப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. நேரத்தின் அருமை தெரிந்தவர் நீங்கள், அதையும் மிச்சம் பிடித்தீர்கள். பின்னால் சுவர் இருந்தது. கோலப்பொடி டப்பாவோடு நின்ற பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

அடுத்த ஞாயிறு மைத்துனர் வண்டிக்கும் நீங்களே மாற்றிக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறீர்களாம். பெரிய மனசு. வேலை முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, பின்னைக் கழற்றித் துடைத்தீர்களா, பெடலை மிதித்துப் பார்த்தீர்களா என்று அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.