போனட்டு மேல போட்ட கையெழுத்து

ஏன்டா பேராண்டி, மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்க? காடி நடுரோட்டுல மண்டி போட்டதுக்கா, இல்ல டோவிங் கவர் வித்தவன் கைய விரிச்சதுக்கா? ரெண்டும் வேற வேற துக்கம். ரெண்டையும் ஒரே ஒப்பாரியில வெச்சுப் பாடினா, கேக்குறவன் துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிருவான். நீ வாட்சப் குரூப்புல பாடுறது அந்த ஒப்பாரிதான்.

மொதல்ல காடி சங்கதிய முடிச்சிருவோம், அதுல உனக்கு ஒரு வெள்ளியும் தேறாது. மோரிஸ் மைனரு, 1960-ல பொறந்தது. உங்கப்பனுக்கே மூத்தது. அந்தக் காலத்துல தோட்டத்துத் தொரைக்கு லேண்ட் ரோவரு, பெரிய கிராணிக்கு மோரிசு, நமக்கு லோரியோட பின்பக்கம். வெச்சிருந்தவங்களே இந்தக் காடிய வித்துத் தலை முழுகி எத்தனையோ காலமாச்சு. நீ போயி அதையே காசு குடுத்து வாங்கிட்டு வந்து "கிளாசிக் தாத்தா, கிளாசிக்"னு குதிக்கிற. குதி, வேணாங்கல. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான்டா, என்னைய எவனும் கிளாசிக்குன்னு சொல்ல மாட்டேங்குறான்.

காடி நல்ல காடிதான். 1948-ல இங்கிலாந்துல வெளிய வந்துச்சு, இசிகோனிஸ்னு ஒரு மனுசன் வரைஞ்சது. கம்பெனி மொதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அதைக் கண்டாலே ஆகல, ஒடச்சு ஊத்தி அவிச்ச முட்டை மாதிரி இருக்குன்னு திட்டுனாராம். 1960 முடியுறதுக்குள்ள அந்த முட்டை பத்து லட்சத்தைத் தாண்டிருச்சு. பிரிட்டன்ல பத்து லட்சம் தொட்ட மொத காடி அதுதான். நீ தெனமும் துணி போட்டுத் தொடைக்கிறியே, அந்த போனட்டு நடுவுல ஒரு நாளாச்சும் விரல வெச்சுத் தடவிப் பாத்திருக்கியா? முன்னாலருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு பட்டை மேடா ஓடும். அழகுக்கு வெச்சாங்கன்னு நெனச்சியா? மாதிரிக்குன்னு மொதல்ல செஞ்ச காடி ரொம்ப ஒடுங்கலா இருக்குன்னு, அதை நட்ட நடுவுல ரெண்டா அறுத்து, தள்ளி வெச்சுப் பாத்திருக்காரு இசிகோனிஸ். நாலு அங்குலம் தள்ளுனதும் கண்ணுக்குப் பொருந்திருச்சு. அந்த நாலு அங்குலத்த ஊடால வெச்சு ஒட்டுனாரு, ஒட்டுனதை ஒளிக்கல. இன்னைக்கும் தெரியுது. உன் டோவிங் கவர்லயும் ஒரு ஒட்டு இருக்கு. அது கடைசிக்கு முந்துன பக்கத்துல, எறும்பு கண்ணு சைஸ் எழுத்துல இருக்கு. தடவிப் பாத்தாலும் கைக்குத் தட்டாது.

சரி, முன் சக்கரம் மடங்குன கதை. அடியில ட்ரன்னியன்னு ஒரு சாமான் திருகு மரையில ஏறி நிக்கும். நிப்பிள்ல கிரீஸ் அடிச்சிக்கிட்டே இருந்தா பேரன் பேத்தி எடுக்கும். கிரீஸ் வத்திச்சுன்னா மரை தேஞ்சு, ஒரு நாளு சொல்லாம கொள்ளாம கழண்டுக்கும். மைனருன்னா எல்லா ஃபோர்மனுக்கும் தெரிஞ்ச நோய் அது. சிம்பாங் ரெங்கமுக்கும் மச்சாப்புக்கும் ஊடால உன் காடி அதத்தான் பண்ணுச்சு. ப்ளஸ் ஹைவே ரோந்துக்காரங்க வந்து எக்ஸிட் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க, அதுக்குக் காசு கேக்கல. அங்கருந்து குளுவாங் பட்டறைக்கு வரத்தான் நீ கவர் கம்பெனிக்குப் போன் அடிச்ச. "எந்த வருசத்துக் காடி சார்?" "அறுபது." "சாரி சார், பதினஞ்சு வருசத்துக்கு மேல போன காடிக்கு இந்தச் சேவை இல்ல." அப்புறம் தனியார் டோவிங் லோரிக்கு 480 வெள்ளி அழுத. கவருக்கு ஏற்கெனவே 180 வெள்ளி அழுதிருந்த.

இப்பக் கேக்குறேன், ஒழுங்கா பதில் சொல்லு. அந்தக் கவரு எங்க வெச்சு வித்தாங்க? நம்ம வீட்டு வாசல்ல. பாரத்தை எதுக்கு மேல வெச்சு நீ கையெழுத்துப் போட்ட? அந்த மோரிஸ் போனட்டு மேல. "செம காடி அண்ணே, எந்த வருசம்?"னு கவர் வித்த அந்தப் பையன் கேட்டானா இல்லியா? நீயும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி இளிச்சுக்கிட்டு "அறுபது"ன்னு சொன்னியா இல்லியா? காடி பக்கத்துல உன்னை நிக்க வெச்சுப் போட்டோ புடிச்சு, பழைய காடிக்கும் பாதுகாப்புன்னு எழுதி அவனே ஃபேஸ்புக்குல போட்டானே, அது இன்னும் இருக்கா? இருந்தா மொதல்ல அதைப் படம் புடிச்சு வை. அப்புறமா அழு.

காடி நின்னுபோச்சுங்கறது வழக்கே இல்லடா. பழைய காடி நிக்கத்தான் செய்யும், அதுக்குத்தானே கவர் எடுத்த! எந்தக் காடிக்கு ஆகாதோ அந்தக் காடிய தடவிக்கிட்டே வித்தாங்களே, அதுதான் வழக்கு. பல்லு போன கெழவன் வாயைப் பாத்துக்கிட்டே முறுக்கு வித்தவன், அப்புறமா "கடிக்கத் தெம்பில்லாதவருக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு சொல்ல முடியுமா?

இது கெழவன் நியாயம்னு நெனைக்காத, சட்டமும் இருக்கு. 2013-ல வந்த நிதிச் சேவைச் சட்டத்துல ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. கம்பெனி அனுமதி குடுத்து அனுப்புன ஏஜெண்டுக்கு ஒரு விசயம் தெரிஞ்சா, அது கம்பெனிக்கே தெரிஞ்ச மாதிரிங்குது. அந்தப் பையன் வாயால சொன்னதும் கம்பெனி சொன்ன கணக்குதான். அப்படிப் பாத்தா உன் போனட்டு மேல சாஞ்சு நின்னது அந்தப் பையன் இல்ல, கம்பெனியே வந்து சாஞ்சு நின்னிருக்கு. இன்னொண்ணும் சொல்லுது. கம்பெனி கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம விட்டுட்டா, நீ அதைச் சொல்லலைன்னு பின்னால உன்மேல பழி போட முடியாது. பாரத்துல வருசத்துக்குக் கட்டம் இருந்துச்சா பாரு. இருந்தா 1960-ன்னு எழுதியிருக்கும், அதைப் பாத்துட்டுத்தான் பணம் வாங்கியிருக்காங்க. கட்டமே இல்லையா, இன்னும் நல்லது.

ஒரு எடத்துல மட்டும் சூதானமா இரு. அந்தப் பையன் கம்பெனியோட ஏஜெண்டா, இல்ல நாலு கம்பெனி பாரத்தத் தூக்கிட்டுத் திரியுற புரோக்கரா? புரோக்கர்னா சட்டத்துக்கு அவன் உன் ஆளா ஆயிருவான், வழக்கு வேற பக்கம் திரும்பிரும். ரசீதுல யாரு பேரு இருக்குன்னு கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு.

அவன் கழுத்தப் புடிக்கப் போறேன்னு நேத்து ஒறுமுனியாமே? அடப் பைத்தியக்காரா. அவன் கழுத்து உனக்கு எதுக்கு? அவன் வாய்தான்டா வேணும். தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல்ல மோர் ஊத்துற பையன் அவன், நம்ம புள்ளைதான். கம்பெனி ஒரு ஓட்டல்ல உக்கார வெச்சு, பிரியாணி போட்டு, "எல்லாக் காடிக்கும் ஆகும்"னு சொல்லி அனுப்பியிருக்கும், அவனும் கிளி மாதிரி ஒப்பிச்சிருக்கான். வீட்டுக்குக் கூப்புட்டு ஒரு கோப்பி குடு. "ஏம்ப்பா, இந்த வயசுக் கணக்கை உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"ன்னு தன்மையாக் கேளு. "இல்லண்ணே"ம்பான். அப்ப சொல்லு, "அதையே வாட்சப்புல ஒரு வரி போடுப்பா, எனக்கு மறந்துபோயிரும்"னு. கழுத்தப் புடிச்சிருந்தா அந்த ஒரு வரி வந்திருக்குமா?

வித்தவன் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பாத, சொல்லாம விட்டதையும் எழுது. இந்த டோவிங் யாவாரத்துக்குப் பாட்டன் மாதிரி இங்கிலாந்துல 1905-ல ஒரு காடிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. எதுக்குன்னு நெனைக்கிற? நின்னுபோன காடிய இழுக்கவா? இல்லவே இல்ல. வேகமாப் போறவனைப் புடிக்கப் போலீஸ் புதருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதைக் காட்டிக் குடுக்க! சைக்கிள்ல ஆளுங்க நின்னு சைகை காட்டுவாங்க. கோர்ட்டு 1910-ல ஒரு வழக்குல அப்படி எச்சரிக்கறது குத்தம்னு சொல்லிருச்சு. இவனுங்க என்ன பண்ணுனானுங்க தெரியுமா? சங்கத்து வில்லை வெச்ச காடிக்கெல்லாம் சல்யூட்டு அடிச்சானுங்க. சல்யூட்டு அடிக்கலைன்னா முன்னால போலீஸ் இருக்குன்னு அர்த்தம். சல்யூட்டு அடிக்காதவன எந்தச் சட்டத்துல புடிப்ப? உனக்கும் அந்தப் பதினஞ்சு வருசத்தைப் பத்தி எவனும் சல்யூட்டு அடிக்கல பாரு, நீ அங்கதான் முழிச்சிருக்கணும். போகட்டும்.

மொத காயிதம் கம்பெனியோட புகார் பிரிவுக்கு. உன் வாட்சப் புராணத்தப் படிச்சேன், "என் உயிரான காடி, என் தாத்தா காலத்து நெனவு"ன்னு. எந்தத் தாத்தாடா? நான் மோரிஸ் வெச்சிருந்தேனா? காயிதத்துல அதெல்லாம் வேணாம். என்னைக்கு, எங்க, யாரு வித்தது, என்ன சொன்னாங்க, போட்டோ, பாரம், ரசீது, போன்ல மறுத்த நாளு, லோரி பில்லு. கேக்குறது என்ன? 480-ம் 180-ம். மன உளைச்சலுக்கு அம்பதாயிரம்னு ஒரு வரி சேத்திருந்தியே, அதை அடிச்சிரு. அந்த ஒரு வரியப் பாத்தா மத்த வரியெல்லாம் பொய்யாத் தெரியும். மறுத்ததுக்குக் காரணத்தை எழுத்துல கேளு. வயசுதான் காரணம்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, நாளைக்குப் "பராமரிப்பு இல்ல, கிரீஸ் வெக்கல"ன்னு புதுசா ஆரம்பிச்சாலும் எடுபடாது. அது கெடக்கட்டும், கிரீஸ் எப்ப வெச்ச? ஏன் தலையக் குனியுற? இனிமேலாவது பில்லு வாங்கி வை.

அவங்க இல்லைன்னுட்டா அடுத்த வாசல். கவரு இன்சூரன்ஸ் பாலிசியோட சேந்ததா இருந்தா, பேங்க் நெகாரா அங்கீகாரத்துல ஒரு நடுவர் இருக்காரு. 2005-ல அதுக்கு ஒரு பேரு, 2016-ல இன்னொரு பேரு, 2025 ஜனவரி 1-லருந்து நிதிச் சந்தை ஆம்பட்ஸ்மன் சேவை. கொழந்தை பொறந்தாக்கூட இத்தனை பேரு வெக்க மாட்டோம். உனக்குக் கட்டணம் கெடையாது. ரெண்டரை லட்சம் வெள்ளி வரைக்கும் பாப்பாங்க, உன் 660 வெள்ளியையும் பாப்பாங்க. கம்பெனியோட கடைசி பதில் வந்த ஆறு மாசத்துக்குள்ள போகணும். தீர்ப்ப நீ ஏத்துக்கிட்டா கம்பெனி கட்டுப்படணும். நீ ஏத்துக்கலைன்னா கோர்ட்டு வாசல் தெறந்தேதான் இருக்கு.

அந்த 2025 ஜனவரி 1-லதான் நம்ம ஜொகூர்லயும் லீவு நாளு மாறுச்சு, ஞாபகம் இருக்கா? 2014-லருந்து வெள்ளியும் சனியும் லீவுன்னு இருந்தோம். நாம ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனா கோலாலம்பூர்க்காரன் தூங்குவான், அவன் வெள்ளிக்கிழமை ஆபீசுல இருந்தா நாம வீட்டுல. அப்ப உன்னை மாதிரி ஆளு புகார் குடுக்க வாரத்துல நாலு நாளுதான். இப்ப சனி ஞாயிறுன்னு எல்லாரும் ஒண்ணாயிட்டோம், "ஆபீஸ் பூட்டியிருந்துச்சு தாத்தா"ங்குற சாக்கும் போச்சு.

"660 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா"ன்னு முணுமுணுக்குற, கேக்குது. வெள்ளைக்காரனப் பாரு. அங்க பேங்குக்காரனுங்க கடன் வாங்குனவன் தலையில எல்லாம் ஒரு இன்சூரன்சக் கட்டிவிட்டானுங்க. வேலையே இல்லாதவனுக்கு, வேலை போனா பணம் தர்ற பாலிசி! சனங்க ஒவ்வொருத்தரா காயிதம் எழுத எழுத, கடைசியில 3,800 கோடி பவுனுக்கு மேல திருப்பிக் குடுத்தானுங்க. புகார் குடுக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசின்னு சொல்ல, நம்ம டெர்மினேட்டர் அர்னால்டு தலையை பொம்மையாச் செஞ்சு, சக்கரத்துல ஓடவிட்டு, பேங்குகளக் கண்காணிக்கிற அமைப்பே வெளம்பரம் போட்டுச்சு. உனக்கு அர்னால்டு தலை வராதுடா, இந்தத் தலைதான்.

உன் கவரு இன்சூரன்சே இல்ல, சும்மா ஒரு மெம்பர் கார்டுதான்னு கம்பெனி சொல்லுச்சுன்னா சந்தோசப்படு. அப்பப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, 1999-ஆம் வருசத்துச் சட்டத்துல வந்தது. ஜொகூர் பாருலயே குடுக்கலாம். பாரம் ஒண்ணுன்னு கேட்டு வாங்கு, கட்டணம் 5 வெள்ளி. அம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் கேக்கலாம், சம்பவம் நடந்து மூணு வருசத்துக்குள்ள. அங்க லாயர் உள்ள வரக்கூடாது. நீயும் கூட்டிட்டுப் போக முடியாது, கம்பெனியும் கோட்டு சூட்டுக்காரனக் கொண்டாந்து நிறுத்த முடியாது. தீர்ப்பு சொன்ன 14 நாளுக்குள்ள பணம் வரலைன்னா அது குத்தம். உங்க லாயர் மாமாகிட்ட இதைச் சொல்லாத, மனுசன் ஒடஞ்சு போயிருவாரு.

உள்ள போனா மோரிஸ் கதைய ஆரம்பிக்காத. இசிகோனிஸ் வேணாம், முட்டை வேணாம். போட்டோவ வை, பாரத்த வை, பில்ல வை, வாட்சப்ப வை, வாய மூடு. உனக்கு அதுதான் கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

அனேகமா அதுக்கு முன்னாலயே கம்பெனிலருந்து ஒரு பொண்ணு தேன் மாதிரி பேசும். "சார், உங்க மனசு நோகக்கூடாதுன்னு 100 வெள்ளி வவுச்சரும், கம்பெனி பேரு போட்ட ஒரு பெரிய குடையும் அனுப்புறோம்"னு. கூடவே ஒரு காயிதம் வரும், "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு. அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்ட, நடுவர் கெடையாது, மன்றம் கெடையாது, 480-ம் கெடையாது. இந்தத் தடவை போனட்டு மேல வெச்சாலும் சரி, மேசை மேல வெச்சாலும் சரி, பேனாவத் தொடாத. கையெழுத்துக் கேக்காம குடுத்தாங்கன்னா குடைய மட்டும் வாங்கிக்க. உனக்கு வெக்கமா இருந்தா எனக்குக் கொண்டா.