நீயே எழுதிக் கொண்டா, ஒப்பு போட்டுத் தாறேன்

நாகர்கோவில் பிள்ளைகள் சட்டம் படிக்கத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குப் போகலாம். மலையாளக் கரைதான் பிடிக்கும் என்றால் 1875இல் தொடங்கிய திருவனந்தபுரம் சட்டக் கல்லூரி இருக்கிறது. மதிப்பெண்ணோ நுழைவுத் தேர்வோ போதும். 'இவன் யோக்கியன்' என்று யாரும் எழுதித் தர வேண்டாம். மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கு எதிரே 'நன்று' என்று ஒரு சொல் இருக்கும். முதல் பெஞ்சுக்காரனுக்கும், கடைசி பெஞ்சில் கணக்கு வாத்தியாரைப் படம் வரைந்தவனுக்கும் அதே 'நன்று'தான். வம்பு தொடங்குவது அமெரிக்காவில் எல்.எல்.எம். படிக்க ஆசை வரும்போது. அங்கே பரிந்துரைக் கடிதம் வேண்டும், பல இடங்களில் இரண்டு. கல்லூரி முகவரி அச்சிட்ட தாள், தேதி, கையெழுத்து, எந்தப் பாடம் நடத்தினார், எத்தனை ஆண்டுப் பழக்கம், கூடப் படித்தவர்களில் இவன் எத்தனையாவது ஆள் என்று அத்தனையும் கேட்பார்கள். இதையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னால் கிடைக்கும் பதில்தான் தலைப்பில் இருப்பது. கடைசியில் ஒரு 'மக்கா' மட்டும் கூட வரும்.

இதை மோசடி என்று கொதிப்பவர்கள் குழித்துறை, தக்கலை கோர்ட்டு வராந்தாக்களில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். பிரமாண வாக்குமூலத்தை எழுதுபவர் வக்கீல். 'நான்' என்று அதில் பேசுபவர் கட்சிக்காரர். 'என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை' என்ற வரியும் வக்கீலுடையதே. கட்சிக்காரர் போடுவது ஒப்பு மட்டும். அடுத்தவர் வாயால் பேசுவதுதான் அந்தத் தொழில். ஆசிரியர் குரலில் தன்னைப் புகழ்ந்து எழுதுகிற மாணவன் முதல் பிராதுக்கு முன்பே வரைவு பழகிவிடுகிறான். இலக்கியச் சாட்சியும் உண்டு. கவிமணி மருமக்கள் வழி மான்மியத்தைத் தன் குரலிலா பாடினார்? குடும்பத் தலைவரான காரணவருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் வாயில் அல்லவா வைத்தார்! அந்த மருமக்கள் வழி முறையை மாற்ற 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தது. அரசாங்கம் மட்டும் என்ன? நகல் உண்மையானதுதான் என்பதற்குப் பச்சை மை அதிகாரியைத் தேடி அலைய வேண்டாம், நீயே ஒப்பு போட்டால் போதும் என்று 2013இல் மத்திய அரசே மாநிலங்களுக்கு யோசனை சொன்னது.

'நகலும் நடத்தையும் ஒன்றா? தன்னைப் பற்றித் தானே எழுதினால் உண்மை வருமா?' என்று கேட்கலாம். உண்மை வராது என்பதைவிட, கூச்சம் வந்துவிடும் என்பதுதான் சரி. 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பணிவானவர்' என்று மூன்று பொதுச் சொல்லோடு பேனா நின்றுவிடும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் ஆசிரியரோடு மல்லுக்கு நின்றதை அவன் எழுத மாட்டான். ஆசிரியர் எழுதியிருந்தால் முதல் வரியே அதுவாக இருந்திருக்கும். அறுபது விடைத்தாளைத் திருத்திய கைக்கு இன்னொரு தாள் பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் பேனா அந்தக் கடிதத்தில் ஒரு பெயரடையை அடித்து ஒரு சம்பவத்தைச் சேர்த்தால்தான் அது சிபாரிசு.

என் வக்காலத்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு, கடிதத்தை மாணவன் கையால் வாங்காது. இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே போகும். கல்லூரி வைத்திருக்கும் தன் கோப்பைப் பார்க்க அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மாணவனுக்கு உரிமை தருகிறது. பரிந்துரைக் கடிதத்தின் மட்டில் அந்த உரிமை வேண்டாம் என்று அவனே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்று பேச்சு. ஆகவே நம் பிள்ளை, இரண்டு ராத்திரி கண்விழித்துத் தானே எழுதி, எழுத்துப்பிழை பார்த்து, ஆசிரியர் 'எனக்கு இந்த கம்ப்யூட்டர் எல்லாம் ஓடாது மக்கா' என்றதால் தானே ஏற்றியும் விட்டு, இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மனமாரத் துறக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறான்.