கண் படிக்கிறது, மனம்?

கேள்வி: கண் வரிவரியாக ஓடுகிறது, பக்கமும் புரள்கிறது. ஆனால் என்ன படித்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அந்த நேரத்தில் என் மனம் எங்கே போகிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெகுதூரம் போவதில்லை, உங்கள் சமையலறை வரைதான்! கதாநாயகி அங்கே அழுதுகொண்டிருப்பாள். நீங்கள் இங்கே சிலிண்டருக்குச் சொல்லியாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

கண்ணும் உங்களுக்கு உடந்தை. உளவியலாளர் ஜொனாதன் ஸ்கூலரும் சக ஆய்வாளர்களும் ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலைப் படிக்கக் கொடுத்து, படித்தவர்களின் கண்ணசைவை அளந்தார்கள். ஆய்வு 2010-இல் வெளியானது. கவனத்தோடு படிக்கும்போது பழகிய சொல்லைக் கண் சட்டென்று கடக்கும், அரிய சொல்லில் சற்றுத் தங்கும். மனம் நழுவியதும் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. பார்வை ஒவ்வொரு இடத்திலும் கூடுதல் நேரம் நிற்கிறது, ஆனால் எதையும் விசாரிப்பதில்லை. ஊர்வலம் போகும் தெருவில் தூங்கிக்கொண்டே நிற்கும் காவலர் மாதிரி!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நழுவும்போது நழுவுகிறோம் என்பதே பல நேரம் நமக்குத் தெரிவதில்லை. அதனால் ‘கவனமாகப் படி’ என்று பிள்ளைகளை அதட்டுவது வீண். பாவம், அவர்கள் கவனமாகப் படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தி முடிந்ததும் ‘இப்போது என்ன நடந்தது?’ என்று அன்பாகக் கேளுங்கள். உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், கடைசியாக நினைவிருக்கும் இடத்துக்குத் திரும்புங்கள். அதற்கு முன் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.